கிருமியைக் கொன்றால் கரப்பான் போகாது

குழந்தையின் முழங்கை மடிப்பும் முழங்காலின் பின்பக்கமும் சிவந்து தடித்து, இரவெல்லாம் சொறிந்து ரத்தம் கசிந்தால், நம் ஊரில் முதலில் வரும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: கிருமி. மருந்துக்கடைக்காரர் கிருமிநாசினி சோப்பை எடுத்து வைப்பார். பாட்டி வேப்பிலையை அரைக்கச் சொல்வார். அவசரத்தில் இருக்கும் மருத்துவர் ஆன்டிபயாட்டிக் களிம்பு ஒன்றும், கூடவே ஐந்து நாளைக்கு ஒரு சிரப்பும் எழுதுவார். தொலைக்காட்சி விளம்பரத்தில் பூதக்கண்ணாடிக்குக் கீழே பச்சைப் பூச்சிகள் நெளியும், நுரை பட்டதும் செத்து விழும். இந்த நான்கு தரப்பும் வேறு எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாது. இதில் மட்டும் ஒரே கட்சி.

இந்த நோய் எக்ஸிமா, நம் ஊர்ப் பெயரில் கரப்பான். இந்தக் கட்டுரை அந்தக் கட்சிக்கு எதிரானது. ஆனால் எதிர்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் சோம்பேறி வாதம் ஒன்று உண்டு: “கிருமிக்கும் எக்ஸிமாவுக்கும் சம்பந்தமே இல்லை, எல்லாம் அலர்ஜிதான், உடம்புக்குள்ளே இருக்கும் கோளாறுதான்.” அதை நான் சொல்லப்போவதில்லை. ஏனென்றால் அது உண்மையில்லை. சம்பந்தம் உண்டு, அதுவும் நெருக்கமான சம்பந்தம். தோலில் குடியிருக்கும் பாக்டீரியா எக்ஸிமாவின் அழற்சியைக் கிளறிவிடுகிறது என்பதற்கு இன்று வலுவான சான்றுகள் இருக்கின்றன. என் சண்டை அந்தச் சான்றுகளோடு இல்லை. “அப்படியானால் கொன்றுவிட வேண்டியதுதானே” என்று அவற்றிலிருந்து எட்டிக் குதிக்கிறார்களே, அந்தக் குதிப்போடுதான்.

எதிர்த்தரப்பின் வழக்கை அதன் முழு பலத்தோடு முதலில் சொல்லிவிடுகிறேன். 1974இல் அமெரிக்காவின் லெய்டன், மார்ப்பிள்ஸ், கிளிக்மன் மூவரும் எக்ஸிமாப் புண்களிலிருந்து மாதிரி எடுத்து வளர்த்துப் பார்த்தபோது மிகப் பெரும்பாலானவற்றில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா கிடைத்தது. அதன் பிறகு வந்த ஆய்வுகளில் 95ஐ ஒன்றாகத் தொகுத்து 2016இல் வெளியான கணக்கு இது: எக்ஸிமா நோயாளிகளில் 70 சதவீதம் பேருக்குப் புண்பட்ட தோலில் ஆரியஸ் இருக்கிறது. அதே நோயாளிகளின் புண்படாத தோலில் 39 சதவீதம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஹைடி காங், ஜூலியா செக்ரே குழுவினர் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் துல்லியமாகக் காட்டியது. நோய் அடங்கியிருக்கும்போது தோலில் பலவகை பாக்டீரியாக்கள் கலந்து வாழ்கின்றன. நோய் கிளம்பும்போது அந்தப் பன்மை சுருங்கி, ஆரியஸின் பங்கு எகிறுகிறது. நோய் தணிந்தால் பழைய கூட்டம் திரும்புகிறது.

இருப்பது மட்டுமில்லை, அது சும்மாவும் இருப்பதில்லை. இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் யுமி நக்காமுராவும் கேப்ரியல் நூனியெஸும் 2013இல் ஒன்றைக் கண்டார்கள். ஆரியஸ் சுரக்கும் டெல்டா நச்சு, தோலுக்குள் இருக்கும் மாஸ்ட் செல்களைத் தூண்டி அவற்றின் சரக்கைக் கொட்டவைக்கிறது. அலர்ஜி என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் அரிப்பு, வீக்கம் எல்லாம் அந்தச் சரக்கின் வேலைதான். டெல்டா நச்சு இல்லாத ஆரியஸை எலியின் தோலில் பூசினால் அவ்வளவு அழற்சி வரவில்லை. மாஸ்ட் செல் இல்லாத எலிக்கும் வரவில்லை. ஆரியஸின் சில வகைகள் வேறொரு நச்சையும் வைத்திருக்கின்றன. சாதாரணமாக நம் டி செல்கள் தமக்குரிய ஒரு பொருளைப் பார்த்தால்தான் எழும். இந்த நச்சோ பூட்டு எது, சாவி எது என்று பார்க்காமல் ஏராளமான டி செல்களை ஒரே நேரத்தில் எழுப்பிவிடுகிறது. எக்ஸிமா நோயாளிகள் பலரின் ரத்தத்தில் இந்த நச்சுக்கு எதிரான ஐஜிஇ எதிர்ப்பொருளே இருக்கிறது. அதாவது தம் தோலில் குடியிருக்கும் கிருமியின் சுரப்புக்கே அவர்கள் அலர்ஜியாகிவிட்டிருக்கிறார்கள்.

அரிப்பையும் இப்போது சேர்த்துக்கொள்ள வேண்டும். அழற்சி வந்தால் அரிக்கும் என்றே நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஹார்வர்டில் ஐசக் சியூவின் ஆய்வகம் 2023இல் காட்டியது வேறு. ஆரியஸ் வெளியிடும் வி8 என்ற புரத நொதி, தோலில் உள்ள நரம்பு முனைகளின் மேலிருக்கும் பார்-1 என்ற ஏற்பியை நேரடியாக வெட்டித் தூண்டுகிறது. எலிக்கு அரிக்கிறது, சொறிகிறது, தோல் கிழிகிறது. இடையில் அழற்சி என்ற தரகர் தேவையே இல்லை.

எல்லா ஆரியஸும் ஒரே மாதிரியும் இல்லை. கடுமையான எக்ஸிமா உள்ள குழந்தைகளிடமிருந்து எடுத்த ஆரியஸ் வகைகளை எலித்தோலில் பூசியபோது தோல் தடித்து அழற்சிச் செல்கள் வந்து குவிந்ததை, காங், செக்ரே குழு 2017இல் காட்டியது. மற்ற வகைகள் அந்த அளவுக்குக் கிளறவில்லை.

ஆக, எதிர்த்தரப்பின் வழக்கறிஞராக நானே வாதாடி முடித்துவிட்டேன். அந்தக் கிருமிநாசினி சோப்பு விளம்பரத்தில் இதில் கால்வாசிகூட வருவதில்லை.

இனி என் குறுக்கு விசாரணை. ஒரு நோயைக் கிருமிதான் உண்டாக்குகிறது என்றால், அந்தக் கிருமியைக் கொன்றதும் நோய் போக வேண்டும். காசநோயில் போகிறது. குழந்தைகளின் முகத்தில் தேன் நிறத்தில் பொருக்குத் தட்டும் இம்பெட்டிகோ என்ற சீழ்ச்சிரங்கிலும் போகிறது, சரியான ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் சில நாளில் முகம் தெளிந்துவிடும். அந்தச் சிரங்கை உண்டாக்கும் முக்கியக் கிருமியும் இதே ஆரியஸ்தான் என்பதைக் கவனியுங்கள். அதே கிருமி, அதே மருந்து. எக்ஸிமாவில் மட்டும் என்ன நடக்கிறது?

பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழகம் நடத்திய ‘கிரீம்’ சோதனை 2017இல் வெளிவந்தது. கிருமித்தொற்று சேர்ந்துவிட்டது என்று மருத்துவர்கள் சந்தேகித்த எக்ஸிமாக் குழந்தைகள் 113 பேர். அதாவது ஆன்டிபயாட்டிக் கொடுக்க இதைவிடப் பொருத்தமான கூட்டம் கிடைக்காது. ஒரு பிரிவுக்கு வாய்வழி ஃப்ளூக்ளாக்சசிலின், ஒரு பிரிவுக்கு ஃபியூசிடிக் அமிலக் களிம்பு, ஒரு பிரிவுக்கு இரண்டுமே வெறும் போலி மருந்து. எல்லோருக்கும் வழக்கமான ஸ்டீராய்டு களிம்பும் ஈரப்பதம் காக்கும் களிம்பும் உண்டு. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் மூன்று பிரிவும் தேறியிருந்தன. ஆன்டிபயாட்டிக் பெற்றவர்கள் போலி மருந்து பெற்றவர்களைவிடக் கூடுதலாக எதுவும் தேறவில்லை. தேறியதற்குக் காரணம் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

“அது ஒரு சோதனை, சிறிய சோதனை, நோயும் கடுமையில்லை” என்பார்கள். நியாயம்தான். 2019இல் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு, ஆரியஸைக் குறைப்பதற்கென்று செய்யப்பட்ட 41 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. களிம்பு, மாத்திரை, கிருமிநாசினிக் குளியல், கிருமிநாசினி ஏற்றிய துணி என்று எல்லாமே அதில் அடக்கம். சொல்லிக்கொள்ளும்படியான, நிலைக்கும் பலன் கிடைக்கவில்லை. ஸ்டீராய்டோடு ஆன்டிபயாட்டிக் கலந்த களிம்பு, வெறும் ஸ்டீராய்டு களிம்பைவிடக் கொஞ்சம் மேல் என்று வேண்டுமானால் சொல்லலாம். அந்த ‘கொஞ்சம்’ மருந்துக்கடை அலமாரி முழுவதையும் நிரப்பும் அளவுக்குக் கிடையாது.

இதைவிடக் கூர்மையான சோதனை நெதர்லாந்தில் நடந்தது. ஆன்டிபயாட்டிக் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்கிறது, அதனால்தான் பலனில்லை என்று ஒரு வாதம் உண்டு. சரி, ஆரியஸை மட்டும் குறிபார்த்து உடைக்கும் என்டோலைசின் என்ற நொதியைக் களிம்பாக்கி, 100 நோயாளிகளில் 12 வாரம் பூசிப் பார்த்தார்கள். ஸ்டீராய்டின் தேவை குறையுமா என்பதே கேள்வி. குறையவில்லை. நொதி இல்லாத வெறும் களிம்பு பூசியவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

எதிர்த்தரப்பிடம் மிச்சமிருக்கும் பெரிய ஆயுதம் பிளீச் குளியல். தண்ணீர்த் தொட்டியில் மிகக் குறைந்த அளவு பிளீச்சைக் கலந்து வாரம் இருமுறை குழந்தையை உட்காரவைப்பது. 2009இல் சிகாகோவில் 31 குழந்தைகளிடம் செய்த சோதனை உலகம் முழுக்கப் பரவியது. அது மோசமான சோதனை என்று சொல்ல மாட்டேன். தண்ணீரில் மூழ்கிய உடலில் பலன், மூழ்காத தலையிலும் கழுத்திலும் பலனில்லை என்று நேர்த்தியாகவே காட்டியது. நானாக இருந்தாலும் மயங்கியிருப்பேன். ஆனால் 2017இல் அதே ஊரிலிருந்து, அதற்குப் பின் நடந்த சோதனைகளையும் சேர்த்து ஒரு தொகுப்பு வந்தது. பிளீச் கலந்த குளியலும் உதவுகிறது, வெறும் தண்ணீர்க் குளியலும் உதவுகிறது, ஒன்று மற்றதைவிட மேல் என்று சொல்ல முடியவில்லை. பிளீச்சுக்குத் தனிப் பலன் ஏதாவது இருந்தாலும்கூட அது கிருமியைக் கொல்வதால்தானா என்பதே சந்தேகம். ஸ்டான்ஃபோர்டில் 2013இல் எலிகளிடம் செய்த ஆய்வு, அந்த மெல்லிய செறிவில் பிளீச் தோல் செல்லுக்குள் அழற்சியை முடுக்கும் என்எஃப்-கப்பா-பி என்ற விசையையே அடக்குகிறது என்றது. கிருமிக்கு வைத்த குறி அழற்சியில் பட்டிருக்கலாம்.

இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுவோம். கிருமியைக் கொன்றால் அழற்சி அடங்கவில்லை. அழற்சியை அடக்கினால் கிருமி என்ன ஆகிறது?

2017 மார்ச்சில் அமெரிக்கா அனுமதித்த டூபிலுமேப் என்ற ஊசி மருந்து இதற்கு ஒரு அருமையான சான்று. அது ஆன்டிபயாட்டிக் இல்லை. எந்தப் பாக்டீரியாவையும் அது தொடாது. ஐஎல்-4, ஐஎல்-13 என்ற இரண்டு அழற்சித் தூதுகளும் செல்லின் காதில் விழாமல் அடைக்கிறது, அவ்வளவுதான். அந்த ஊசி போட்டவர்களின் தோலில் ஆரியஸ் சரிந்தது, பாக்டீரியாக்களின் பன்மை திரும்பியது என்று 2020இல் ஆய்வு வந்தது. இது புதுமையும் இல்லை. வெறும் ஸ்டீராய்டு களிம்பு பூசினாலே புண்ணில் ஆரியஸ் குறைகிறது என்று 1990களிலேயே பார்த்திருக்கிறார்கள். ஸ்டீராய்டு நோய் எதிர்ப்பை மட்டுப்படுத்தும் மருந்து. கிருமிதான் முதலாளி என்றால், எதிர்ப்பை மட்டுப்படுத்தும்போது அது கொழுத்திருக்க வேண்டும். எதிர்மாறாக இளைக்கிறது.

காரணம் தோலின் கட்டமைப்பில் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டிய இடம் இது. நம் தோலின் மேலடுக்கில் ஃபிலாக்ரின் என்ற புரதம் இருக்கிறது. அது உடைந்து தரும் சிறு மூலக்கூறுகள்தான் தோலுக்கு ஈரத்தையும், ஓரளவு அமிலத்தன்மையையும் கொடுக்கின்றன. 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டி பல்கலைக்கழகத்தில் இர்வின் மெக்லீனும், அயர்லாந்தின் ஆலன் இர்வினும் அடங்கிய குழு, ஃபிலாக்ரின் மரபணுவில் குறை உள்ளவர்களுக்கு எக்ஸிமா வரும் வாய்ப்பு மிக அதிகம் என்று காட்டியது. ஐரோப்பியர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அந்தக் குறையைச் சுமக்கிறார். அந்தக் குறை பிறவியிலேயே இல்லாதவர்களுக்கும் வேறு வழியில் அதே கதி நேர்கிறது. டூபிலுமேப் அடைக்கும் அதே ஐஎல்-4, ஐஎல்-13 தூதுகள், தோல் ஃபிலாக்ரின் தயாரிப்பதைக் குறைத்துவிடுகின்றன. ஃபிலாக்ரின் குறைந்தால் தோல் வறள்கிறது, அமிலம் மங்குகிறது, அமிலம் மங்கிய தோல் ஆரியஸுக்கு ஏற்ற தரையாகிறது. அழற்சிபட்ட தோல் செல்களில் ஆரியஸ் பிடித்து ஒட்டிக்கொள்ள வசதியான புரதங்களும் கூடுதலாக வெளியே தெரிகின்றன.

இதோடு முடியவில்லை. தோல் தானே ஆன்டிபயாட்டிக் தயாரிக்கும். எல்எல்-37, டிஃபென்சின் போன்ற சிறு புரதங்கள் அவை. 2002இல் டென்வரின் டொனால்ட் லியூங்கும் கலிஃபோர்னியாவின் ரிச்சர்ட் கேலோவும் சேர்ந்த குழு, எக்ஸிமாத் தோலையும் சோரியாசிஸ் தோலையும் ஒப்பிட்டது. இரண்டும் அழற்சிதான், இரண்டிலும் தோல் உடைகிறது. சோரியாசிஸ் தோலில் இந்தப் புரதங்கள் ஏராளம், அதனால் அதில் கிருமித்தொற்று அபூர்வம். எக்ஸிமாத் தோலில் அவை அளவுக்குக் கீழே. எக்ஸிமாவின் அழற்சித் தூதுகளே அந்தத் தயாரிப்பையும் அமுக்கிவிடுகின்றன.

ஆக ஆரியஸுக்குக் கதவைத் திறந்து, தரையைப் பதப்படுத்தி, காவலரையும் விடுப்பில் அனுப்பியது அழற்சி. உள்ளே வந்த ஆரியஸ் டெல்டா நச்சாலும் வி8 நொதியாலும் அந்த அழற்சியையே மேலும் மூட்டுகிறது. இது வளையம். வளையத்தில் ஒரு கண்ணி என்ற வகையில் ஆரியஸின் பங்கு மெய்யானது. ஆனால் அந்தக் கண்ணியை மட்டும் ஒரு வாரம் அறுத்துவிட்டு மற்றக் கண்ணிகளை அப்படியே விட்டால், எட்டாம் நாள் வளையம் கூடிவிடும். கூரை ஒழுகும் வீட்டில் தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பது போலத்தான்.

எலியிலேயே இதைப் பார்க்கலாம். 2015இல் கெய்சுகே நாகாவோ குழு, தோலில் ஒரு குறிப்பிட்ட புரதம் இல்லாததால் எக்ஸிமா வரும் எலிகளை வளர்த்தது. பால் மறக்கும் பருவத்திலிருந்து ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் அந்த எலிகளுக்கு எக்ஸிமா வரவில்லை. கொலைக் கட்சிக்காரர்கள் இதை மேற்கோள் காட்டுவார்கள், இந்த இடத்தோடு நிறுத்தியும் விடுவார்கள். ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தியதும் அந்த எலிகளுக்கு எக்ஸிமா வந்தது. தோலின் குறை மாறவில்லையே. உங்கள் குழந்தைக்கு ஆயுசு முழுவதும் ஆன்டிபயாட்டிக் கொடுக்கத் தயாரா?

இந்த இடத்தில் “முதலில் வந்தது எது?” என்று ஒருவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். ஸ்விட்சர்லாந்தில் குழந்தைகளைப் பிறந்தது முதல் தொடர்ந்து பார்த்த ஆய்வு, எக்ஸிமா தோன்றுவதற்கு முன்பே அவர்களின் தோலில் ஆரியஸ் கூடுதலாக இருந்தது என்றது. 2017இல் அயர்லாந்துக் குழந்தைகளிடம் செய்த ஆய்வு, அப்படி எதுவும் இல்லை என்றது. அது கண்டது இன்னொன்றை: எக்ஸிமா வராத குழந்தைகளின் தோலில் இரண்டாம் மாதத்தில் ஆரியஸ் அல்லாத வேறு சாதுவான ஸ்டாஃபிலோகாக்கஸ்கள் அதிகம் இருந்தன. இரண்டும் ஒழுங்கான ஆய்வுகள். சில குழந்தைகளில் கிருமி முந்துகிறது, சிலரில் தோல் முந்துகிறது என்பதுதான் என் ஊகம். எது முந்தினாலும் நோய் வேர்பிடித்த பிறகு இருக்கும் வளையம் ஒன்றே.

கட்சி கட்டுவதும் புதிதில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹாம்பர்க் நகரின் புகழ்பெற்ற தோல் மருத்துவர் பவுல் கெர்சன் உன்னா, எக்ஸிமா ஒரு கிருமி நோய் என்று வாதிட்டார். தான் கண்ட கிருமிக்கு மோரோகாக்கஸ் என்று பெயரும் வைத்தார். அது கிருமியியல் கொடிகட்டிப் பறந்த காலம், எந்த நோய்க்கும் ஒரு கிருமியைக் கண்டுபிடித்தால் புகழ். 1900இல் பாரிஸில் கூடிய சர்வதேசத் தோல் மருத்துவ மாநாட்டில் இது பெரிய விவாதமாயிற்று. புதிதாகத் தோன்றும் எக்ஸிமாக் கொப்புளத்தில் கிருமி இல்லையே என்று எதிர்த்தரப்பு மடக்கியது. உன்னாவின் மோரோகாக்கஸை இன்று யாரும் நினைப்பதில்லை. அவருடைய தர்க்கம் மட்டும் மருந்துக்கடைகளில் சௌக்கியமாக இருக்கிறது.

“பலனில்லாவிட்டால் போகட்டும், கிருமியைக் கொல்வதில் கெடுதல் என்ன?” என்பது கடைசிக் கோட்டை. கெடுதல் நிறைய.

முதலில் சோப்பு. சாதாரணக் கட்டிச் சோப்பின் பிஎச் அளவு 9, 10 என்று காரமாக இருக்கும், ஆரோக்கியமான தோலோ 5ஐ ஒட்டிய அமிலத்தில் இருக்க விரும்பும். ஏற்கெனவே அமிலம் மங்கிய எக்ஸிமாத் தோலில் தினம் இரண்டு வேளை கிருமிநாசினிச் சோப்பைத் தேய்ப்பது, ஆரியஸுக்குப் பிடித்த தரையை நாமே மெழுகிக் கொடுக்கும் வேலை. “கிருமிநாசினி” என்ற சொல்லுக்கு வீட்டுச் சோப்பில் கூடுதல் மதிப்பு எதுவும் நிரூபிக்கப்படவில்லை என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016இல் ட்ரைக்ளோசான் உட்பட 19 பொருள்களைக் கழுவும் சோப்புகளிலிருந்து விலக்கியதை இங்கே நினைவூட்டலாம்.

அடுத்தது அண்டை வீட்டார். நம் தோலில் வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், ஸ்டாஃபிலோகாக்கஸ் ஹோமினிஸ் போன்றவற்றின் சில வகைகள், ஆரியஸைக் கொல்லும் பொருள்களைத் தாமே சுரக்கின்றன. எக்ஸிமா நோயாளிகளின் தோலில் இந்தக் கொல்லும் வகைகள் அரிதாகிவிட்டிருக்கின்றன என்று கேலோவின் ஆய்வகம் 2017இல் காட்டியது. அகலமாகக் கொல்லும் எந்த மருந்தும் இந்த மிச்சம் மீதிக் காவலையும் சேர்த்துத் துடைக்கும். காலியான இடத்தில் முதலில் வந்து அமர்வது யார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, மருந்துக்கு அடங்காத கிருமி. ஃபியூசிடிக் அமிலக் களிம்பை எதற்கெடுத்தாலும் பூசியதன் விலையை நார்வேயும் ஸ்வீடனும் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொடுத்தன. அந்தக் களிம்புக்கு அடங்காத ஆரியஸ் வகை ஒன்று குழந்தைகளிடையே சீழ்ச்சிரங்காகப் பரவியது. களிம்பு உண்மையிலேயே தேவைப்பட்ட குழந்தைகளுக்கு அது வேலை செய்யவில்லை.

நம் நாட்டுக் கதை இதைவிட வேதனை. கடும் ஸ்டீராய்டு, ஆன்டிபயாட்டிக், பூஞ்சைக்கொல்லி மூன்றையும் ஒரே டியூபில் அடைத்து, “எந்தத் தோல் வியாதிக்கும்” என்ற நம்பிக்கையில் விற்கிறார்கள். எக்ஸிமாவுக்கும் அதே டியூப், படர்தாமரைக்கும் அதே டியூப், முகம் வெளுக்கவும் அதே டியூப். படர்தாமரை இந்தியா முழுக்க அடங்காத நோயாக மாறியதில் இந்தக் கலவைக்குப் பெரிய பங்கு உண்டு என்று தோல் மருத்துவர்கள் ஆண்டுக்கணக்காகக் கத்துகிறார்கள். 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது. கடைக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள், சீட்டு கேட்கிறார்களா என்று. இதில் ஒரு முரண் இருக்கிறது. தனி ஸ்டீராய்டு களிம்பை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் “ஐயோ ஸ்டீராய்டா!” என்று பயந்து பூசாமல் விடும் அதே அம்மா, “கிருமிக்கு” என்று சொல்லிக் கொடுத்தால் அதைவிடப் பலமடங்கு வீரியமுள்ள ஸ்டீராய்டைக் குழந்தையின் கன்னத்தில் பூசிவிடுகிறார். டியூபில் கொஞ்சம் சுகம் தெரிகிறது. சுகம் தந்தது ஸ்டீராய்டு, பெயர் தட்டிக்கொள்வது ஆன்டிபயாட்டிக்.

கிருமிக் கட்சியைத் திட்டியதும் நல்ல பாக்டீரியாக் கட்சிக்காரர்கள் கைதட்டுவார்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. “நல்ல கிருமியைப் பூசினால் போதும்” என்பது அதே தவற்றின் மறுபக்கம். கேலோ குழு ஹோமினிஸ் வகை ஒன்றைக் களிம்பாக்கி 54 நோயாளிகளில் ஒரு வாரம் சோதித்து 2021இல் வெளியிட்டது. ஆரியஸ் குறைந்தது. நோயின் கடுமை, மொத்தக் கூட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால், போலிக் களிம்போடு ஒப்பிடும்போது தெளிவாகக் குறையவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், ரோசியோமோனாஸ் என்ற பாக்டீரியாவை வைத்து மருந்து செய்த ஒரு அமெரிக்க நிறுவனம், இரண்டாம் கட்டச் சோதனை தோற்றது என்று அறிவித்து அந்த முயற்சியையே கைவிட்டது. இந்த ஆய்வுகள் வீண் என்று நான் சொல்லவில்லை, தொடர வேண்டும். “மைக்ரோபயோம்” என்று டப்பாவில் அச்சடித்து இன்றே விற்பவர்களிடம்தான் பர்ஸை இறுக்கிப் பிடிக்கச் சொல்கிறேன்.

என் பக்கத்துச் சரக்கையும் அதே தராசில் நிறுத்தாவிட்டால் நியாயமில்லை. தோல் அரண்தான் முக்கியம் என்றால், பிறந்ததிலிருந்தே ஈரப்பதக் களிம்பு பூசி எக்ஸிமாவை வராமலே தடுத்துவிடலாம் அல்லவா? பிரிட்டனில் 1,394 குழந்தைகளிடம் அதைச் சோதித்தார்கள், 2020இல் முடிவு வந்தது. தடுக்க முடியவில்லை. வந்த எக்ஸிமாவைப் பராமரிக்க அந்தக் களிம்பு உதவுகிறது, வருவதைத் தடுக்கவில்லை. வளையத்தின் எந்த ஒற்றைக் கண்ணியும் முழு நோயாகாது என்பதற்கு இதுவும் ஒரு சான்று. குளியல் எண்ணெய், கடினத்தன்மை நீக்கிய தண்ணீர், பட்டுத்துணி எல்லாவற்றையும் பிரிட்டன்காரர்கள் இப்படிச் சோதித்து ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டார்கள். எந்தக் கட்சியானாலும் இந்தப் பிடிவாதம் வேண்டும்.

அப்படியானால் எக்ஸிமாவில் ஆன்டிபயாட்டிக் கொடுக்கவே கூடாதா? கொடுக்க வேண்டிய இடம் உண்டு, அது தெளிவானது. புண்ணில் சீழ் வடிந்து தேன் நிறப் பொருக்கு வேகமாகப் பரவினால், சுற்றிலும் தோல் சூடாகி வலித்தால், குழந்தைக்குக் காய்ச்சல் அடித்துச் சோர்ந்தால், அது குடியிருப்பு நிலை தாண்டித் தொற்றாகிவிட்டது, மருத்துவரிடம் ஓட வேண்டியதுதான். ஒரே அளவில் குழிவிழுந்த கொப்புளங்கள் கூட்டமாக வந்து காய்ச்சலும் அடித்தால் இன்னும் அவசரம். அது ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம், அதற்கு ஆன்டிபயாட்டிக் எதுவும் செய்யாது, வைரஸ் மருந்து உடனே வேண்டும். இவை தவிர்த்து, புண்ணைத் துடைத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, “ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் வளர்ந்துள்ளது” என்று வரும் அறிக்கையைப் பார்த்துப் பதறி மருந்து கொடுப்பதில் பொருளில்லை. பத்தில் ஏழு எக்ஸிமாவில் அது வளரத்தான் செய்யும். 2021இல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதல் இதையேதான் சொல்கிறது: உடல் முழுக்கப் பாதிக்கும் அறிகுறிகள் இல்லாத எக்ஸிமாத் தொற்றில் வழக்கமாக ஆன்டிபயாட்டிக் வேண்டாம், முதல் முறை வரும்போது வழக்கமாகத் துடைப்பு மாதிரி எடுக்கவும் வேண்டாம்.

மிச்ச நாள்களுக்கு உள்ள வைத்தியம் கவர்ச்சியில்லாதது. தினமும் குளிக்கலாம், “தண்ணி பட்டா ஏறிடும்” என்று பயந்து வாரக்கணக்கில் குளிப்பாட்டாமல் விட வேண்டியதில்லை. வெதுவெதுப்பான தண்ணீர், சோப்புக்குப் பதில் மென்மையான கழுவி, துவட்டிய கையோடு வாசனையில்லாத களிம்பு, அதுவும் தாராளமாக. புண் கிளம்பியதும் வயதுக்கும் இடத்துக்கும் ஏற்ற வீரியத்தில், மருத்துவர் சொன்ன நாள் வரை தனி ஸ்டீராய்டு களிம்பு. அடிக்கடி திரும்பும் இடமென்றால், அடங்கிய பிறகும் வாரத்துக்கு இரண்டு நாள் அதே இடத்தில் தொடர்ந்து பூசும் முறை உண்டு, அது அடுத்த கிளர்ச்சியைத் தள்ளிப்போடுகிறது என்பதற்குச் சோதனைகள் இருக்கின்றன. வேப்பிலைக்கு வருவோம். அதற்குக் கிருமியைக் கொல்லும் குணம் உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு தூரம் படித்தவருக்கு அது ஏன் போதாது என்று மறுபடி சொல்ல வேண்டாம். வெடித்த தோலில் அரைத்த இலையைத் தேய்த்தால் எரியும் என்பதை மட்டும் பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லிவிடலாம்.

“கொல்ல வேண்டாம் என்றால் இத்தனை ஆண்டுக் கிருமி ஆராய்ச்சி எதற்கு?” என்ற கேள்வி பாக்கி. கொலையைத் தவிர வேறு வழியே இல்லை என்று நினைப்பவருக்குத்தான் அந்தக் கேள்வி வரும். ஹார்வர்டின் அந்த வி8 நொதி ஆய்வு எலிகளோடு இன்னொன்றும் செய்தது. மாரடைப்பு நோயாளிகளுக்கு ரத்தக்கட்டியைத் தடுக்க 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வோராபாக்சார் என்ற மாத்திரை, அந்த நொதி வெட்டும் அதே பார்-1 ஏற்பியை அடைக்கக்கூடியது. அதைக் கொடுத்ததும் எலிகளின் அரிப்பு குறைந்தது, சொறிந்து தோல் கிழிவதும் குறைந்தது. அந்த மாத்திரை பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தல்ல. கிருமி அனுப்பும் செய்தி நரம்புக்குப் போய்ச் சேராமல் செய்தது, அவ்வளவுதான். மனிதரின் எக்ஸிமாவுக்கு அது இன்னும் நிரூபணமான மருந்தில்லை, ரத்தக்கசிவு ஆபத்தும் உள்ளது, ஆகவே யாரும் அதைத் தேடி மருந்துக்கடைக்குப் போக வேண்டாம். இன்று ராத்திரி அரிப்புக்கு அந்தத் தனி ஸ்டீராய்டு களிம்பையும் ஈரப்பதக் களிம்பையும் ஒழுங்காகப் பூசுங்கள்.